புராஸ்டேட்டும் காந்தமும்: எந்த ஸ்கேன் போதும்?

(அல்சூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆரோக்கியம் சம்பந்தமாக ஏதாவது பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று வழக்கமான விஷயமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். தலைப்பைச் சொன்னதும் கொஞ்சம் தயங்கினார். "லேடீஸும் வருவா ஸார்" என்றார். அவர்களுக்காகத்தான் முக்கியமாகப் பேசப் போகிறேன் என்றேன். புருஷர்கள் இந்த விஷயத்தை டாக்டரிடமே பாதிதான் சொல்வார்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறார் என்ற கணக்கு ஆத்துக்காரியிடம்தான் சரியாக இருக்கும்.

முன்னதாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. 1971-ல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்தேன். பிறகு சர்க்கார் உத்தியோகம், கோப்புகள், ஆடிட் அப்ஜெக்ஷன்கள். 2011-ல் ஓய்வு பெற்றேன். அதே வருஷம்தான் நம் அல்சூருக்கு மெட்ரோ வந்தது. அதில் ஏறி லைப்ரரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்ததில் சேர்ந்த விவரங்கள்தான் இவை. உங்கள் வைத்தியத்தை உங்கள் டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். அவரிடம் என்ன கேட்கலாம் என்பதுவரைதான் என் எல்லை.

என் அத்திம்பேர் கும்பகோணத்தில் இருந்தார். நல்ல திடகாத்திரமான மனுஷர், தினம் காவேரி ஸ்நானம். 2012-ல் அவருக்கு இடுப்பு வலி வந்தது. வயசானால் வராதா என்று தைலம் தேய்த்தார்கள், பெல்ட் போட்டார்கள், பிஸியோதெரபி செய்தார்கள். எட்டு மாசம் ஓடிவிட்டது. கடைசியில் யாரோ ஒரு சின்ன வயசு டாக்டர் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். நாலுக்குள் இருக்க வேண்டிய எண் நூற்றுக்கணக்கில் இருந்தது. புராஸ்டேட்டில் ஆரம்பித்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. ஊசியும் மாத்திரையுமாக இரண்டரை வருஷம் இருந்தார். மூத்திரம் போவதில் சிரமம் இருந்ததை என் அக்காவிடம்கூட அவர் சொன்னதில்லை. அது புற்றுநோயால் வந்ததா, வயோதிகத்தில் சுரப்பி பெரிதானதால் வந்ததா என்று இப்போது சொல்ல முடியாது. ஆரம்ப நிலையில் இந்தப் புற்றுநோய்க்கு அறிகுறியே கிடையாது என்பதுதான் இதிலுள்ள தொல்லை. ஆனால் சிரமத்தைச் சொல்லியிருந்தால் யாராவது அப்போதே ரத்தம் எடுத்துப் பார்த்திருப்பார்கள்.

அதனால் அறுபதுக்குப் பிறகு வருஷா வருஷம் நான் பி.எஸ்.ஏ. பார்த்துக்கொள்வது வழக்கம். எழுபத்துமூன்றாவது வயசில் அது 6.8 என்று வந்தது. யூராலஜிஸ்ட் விரலால் பரிசோதித்துவிட்டு, "கடினமா எதுவும் தெரியலை. ஆனாலும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துடுங்கோ, அப்புறம் பயாப்ஸி வேணுமான்னு பார்க்கலாம்" என்றார்.

இரண்டு ஸ்கேன் சென்டர்களுக்குப் போன் செய்தேன். ஒன்றில் "மல்டிபாராமெட்ரிக், டை உண்டு, கிரியாட்டினின் ரிப்போர்ட் கொண்டு வாங்க" என்றார்கள். இன்னொன்றில் "பைபாராமெட்ரிக், டை இல்லை, இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும்" என்றார்கள். இரண்டுக்கும் நாலாயிரம் ரூபாய் வித்தியாசம். முதல் இடத்தில் மூன்று டெஸ்லா மெஷின், இரண்டாவதில் ஒன்றரை டெஸ்லா. என் கிரியாட்டினின் வேறு 1.5 இருந்தது. பிள்ளை அமெரிக்காவிலிருந்து, "அப்பா, காஸ்ட்லியானதே பண்ணிக்கோ" என்றான். முப்பத்தைந்து வருஷம் டெண்டர் பார்த்தவனுக்கு அந்தப் பதில் போதாது. எதற்காகக் கூடுதல் பணம் என்று விசாரிக்க உட்கார்ந்தேன்.

முதலில் கொஞ்சம் பௌதிகம், பயப்பட வேண்டாம். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீரில் ஹைட்ரஜன். ஹைட்ரஜன் அணுக்கருவான புரோட்டான் ஒரு சின்னக் காந்த ஊசி போல நடந்துகொள்கிறது. பெரிய காந்தத்துக்குள் வைத்தால் அது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பம்பரம் போலத் தலையை ஆட்டும். ஒரு டெஸ்லாவுக்கு விநாடிக்கு 4 கோடியே 26 லட்சம் தடவை. ஆகவே ஒன்றரை டெஸ்லாவில் 64 மெகாஹெர்ட்ஸ், மூன்றில் 128. அதே அலைவரிசையில் ரேடியோ அலையை அனுப்பினால் புரோட்டான் அதை வாங்கிக்கொண்டு திருப்பிப் பாடும். அந்தப் பாட்டைக் கேட்டுப் படம் வரைவதுதான் எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ்ரே கிடையாது, கதிர்வீச்சுப் பயம் வேண்டாம். ஒன்றரை டெஸ்லா என்பது நம் ஊரில் பூமியின் காந்தப் புலத்தைப்போல் முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். சாவிக்கொத்தோடு உள்ளே போகக் கூடாது என்பது அதனால்தான்.

இந்த அணுக்கருக் காந்த ஒத்ததிர்வை 1946-ல் பிளாக், பர்செல் என்ற இருவர் தனித்தனியே கண்டார்கள், 1952-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். அவர்கள் கண்ட ஐந்தே வருஷத்தில், 1951-ல், நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன் என்ற விஞ்ஞானி, ஓடும் திரவத்தில் இந்த ஒத்ததிர்வு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். திரவம் ஓடினால் சைகை மாறுகிறது என்று அவர் கண்டதுதான், பிற்காலத்தில் ரத்த ஓட்டத்தை எம்.ஆர்.ஐ. மூலம் பார்ப்பதற்கு முன்னோடி என்று இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். டிராபிக் இல்லாவிட்டால் இங்கிருந்து ஒரு மணிக்குள் போய்விடக்கூடிய இடம். நான் பௌதிகம் படித்த காலத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. படமாக்கும் வழி கண்ட லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. தன்னை விட்டுவிட்டார்கள் என்று டமாடியன் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். சீனியாரிட்டி தகராறு நம் ஆபீஸ்களில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். புராஸ்டேட் எம்.ஆர்.ஐ. என்பது ஒரே படம் இல்லை, மூன்று விதமான படங்கள் சேர்ந்தது.

முதலாவது டி-2 படம். இது உருவத்தைக் காட்டும். சுரப்பியின் வெளிப்பகுதி ஆரோக்கியமாக இருந்தால் வெள்ளையாகத் தெரியும், புற்றுநோய் இருந்தால் அங்கே கறுப்பாக ஒரு திட்டு. ஆனால் பழைய அழற்சியும் ரத்தக் கசிவும்கூடக் கறுப்பாகத் தெரியும்.

இரண்டாவது டிஃப்யூஷன் படம். தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று இது அளக்கிறது. நம் சோமேச்வரர் கோயில் பிராகாரத்தில் சாதாரண நாளில் ஒரு குழந்தையை விட்டால் இஷ்டத்துக்கு ஓடும். ரதோத்ஸவத்தன்று அதே குழந்தையால் நாலடி நகர முடியாது. புற்றுநோயில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு வளர்வதால் நடுவில் இருக்கும் தண்ணீர் நகர இடமில்லாமல் தவிக்கிறது. அந்தத் தவிப்பு படத்தில் பளிச்சென்று தெரிகிறது. தீவிரமான வகைகளில் நெரிசல் அதிகம் என்பதால், இருக்கிறதா என்பதோடு எவ்வளவு பொல்லாதது என்றும் ஓரளவு சொல்லும்.

மூன்றாவதுதான் டை போட்டு எடுப்பது. கடோலினியம் என்ற உலோகத்தை ஒரு ரசாயனக் கூட்டுக்குள் அடைத்து நரம்பில் ஏற்றுவார்கள். அதன் அணுவில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் ஏழு இருக்கின்றன. அதனால் பக்கத்திலிருக்கும் புரோட்டான்களின் சைகையை மாற்றிவிடும். புற்றுநோய்த் திட்டில் புது ரத்தக் குழாய்கள் அதிகம், அங்கே டை சீக்கிரம் வந்து சீக்கிரம் வெளியேறும். அதை விநாடிக் கணக்கில் தொடர்ந்து படமெடுக்கிறார்கள்.

மூன்றும் சேர்ந்தால் மல்டிபாராமெட்ரிக், முப்பது நாற்பது நிமிஷம். முதல் இரண்டு மட்டும் என்றால் பைபாராமெட்ரிக், அதில் ஏறக்குறைய பாதி நேரம்.

நாலாவதாக ஒன்று இருந்தது, ஸ்பெக்ட்ரோஸ்கோபி. ஆரோக்கியமான புராஸ்டேட்டில் சிட்ரேட் என்ற பொருள் அதிகம், புற்றுநோயில் அது குறைந்து கோலின் கூடும். அதை ஊசியில்லாமல் எம்.ஆர். மெஷினிலேயே அளக்கலாம். டெல்லி எய்ம்ஸின் என்.எம்.ஆர். துறையில் பேராசிரியர் என். ஆர். ஜகந்நாதன் அவர்களின் குழு, நம் நாட்டு நோயாளிகளிடம் இந்த முறையால் சந்தேகமான இடத்தைக் கண்டு அங்கே பயாப்ஸி எடுப்பதை ஆராய்ந்து 2000-களிலேயே வெளியிட்டது. ரசாயனத்தில் ருசியுள்ளவர்களுக்கு மிகவும் பிடித்த முறை. ஆனால் நேரம் அதிகம், செய்வதற்கு நிபுணர்கள் வேண்டும். டிஃப்யூஷன் படம் முன்னேறியதும் வழக்கமான பரிசோதனையிலிருந்து இது கழன்றுகொண்டது. அந்தக் காலத்தில் மலத்துவாரத்துக்குள் பலூன் போல ஒரு காயில் வைத்துப் படமெடுப்பதும் உண்டு. இப்போது இடுப்பின் மேல் போர்த்தும் காயிலே போதுமென்றாகிவிட்டது. பாக்கியசாலிகள் நாம்.

இந்தப் படங்களை நம்பலாமா என்பதற்குப் பெரிய சோதனைகள் நடந்திருக்கின்றன. 2017-ல் பிரிட்டனில் வெளிவந்த புரோமிஸ் ஆய்வில் 576 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிறகு அதே ஆட்களுக்கு வழக்கமான ஊசிப் பயாப்ஸியும், உண்மை தெரிவதற்காக ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு ஊசி என்று சல்லடையாகத் துளைக்கும் பயாப்ஸியும் செய்தார்கள். சம்மதித்த அந்த 576 பேரையும் நான் மானசீகமாக நமஸ்கரிக்கிறேன். கவனிக்க வேண்டிய புற்றுநோய் உள்ள நூறு பேரில் 93 பேரை எம்.ஆர்.ஐ. சுட்டிக்காட்டியது. கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு இடத்தில் குத்தும் வழக்கமான பயாப்ஸி பிடித்தது 48 பேரை. மறுபக்கமும் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட புற்றுநோய் இல்லாத நூறு பேரில் 59 பேரை எம்.ஆர்.ஐ. வீணாகச் சந்தேகப்பட்டது. ஆகவே எம்.ஆர்.ஐ. சந்தேகம் எழுப்பும், அவ்வளவே. புற்றுநோய்தான் என்று ருசுவாக்குவது ஊசியில் வரும் திசு.

2018-ல் வெளிவந்த பிரிசிஷன் ஆய்வில் 500 பேர். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடத்தில் மட்டும் குத்தியபோது கவனிக்க வேண்டிய புற்றுநோய் 38 சதவீதத்தினரிடம் கிடைத்தது. நேராகப் பயாப்ஸிக்குப் போன பிரிவில் 26 சதவீதம். எம்.ஆர்.ஐ. பிரிவில் நூற்றுக்கு 28 பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை. தொந்தரவில்லாத சில்லறைப் புற்றுநோய்களைத் தோண்டி எடுத்து ஆளைப் பயமுறுத்துவதும் குறைந்தது. இது சாதாரண லாபம் இல்லை. பல புராஸ்டேட் புற்றுநோய்கள் ஆமை வேகம். ஆபரேஷன், ரேடியேஷன், வெறும் கண்காணிப்பு என்று மூன்று பிரிவாக 1,643 பேரைப் பதினைந்து வருஷம் தொடர்ந்த பிரிட்டிஷ் ஆய்வு 2023-ல் முடிவு சொன்னது. புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று சதவீதத்துக்கும் கீழே, மூன்று பிரிவிலும் பெரிய வித்தியாசமில்லை. அத்திம்பேருக்கு வந்தது ஆமை இல்லை. எது ஆமை, எது முயல் என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்லத்தான் இத்தனை பாடும்.

இனி என் நாலாயிரம் ரூபாய்க் கேள்வி. டை வேண்டுமா, வேண்டாமா? இதற்கான பதில் 2025 செப்டம்பரில் வந்த பிரைம் ஆய்வில் இருக்கிறது. 12 நாடுகள், 22 மையங்கள், அதுவரை பயாப்ஸி செய்துகொள்ளாத 490 பேர். எல்லோருக்கும் மூன்று படமும் எடுத்தார்கள். ரேடியாலஜிஸ்டிடம் முதலில் டை இல்லாத இரண்டை மட்டும் காட்டி அபிப்பிராயம் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகுதான் மூன்றாவதைக் காட்டினார்கள். சீல் வைத்த கவரைப் பிறகு பிரிப்பது போல. டை இல்லாமல் 143 பேரிடம் கவனிக்க வேண்டிய புற்றுநோய் பிடிபட்டது, டையோடு 145 பேரிடம். 29.2 சதவீதம், 29.6 சதவீதம். முதல் தடவை பார்ப்பவருக்கு டை இல்லாத ஸ்கேன் போதும் என்பது அந்த ஆய்வின் முடிவு. நான் ஸ்கேன் எடுத்தபோது இந்த முடிவு வெளிவரவில்லை. என் யூராலஜிஸ்ட் அனுபவத்தில் "டை வேண்டாம்" என்றார், நான் அரை மனசோடு ஒப்புக்கொண்டேன். இப்போது அவரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார்.

ஆனால் இதில் ஒரு ஷரத்து இருக்கிறது, கவனியுங்கள். அந்த மையங்களில் படத்தின் தரத்தை முதலிலேயே பரிசோதித்திருந்தார்கள். டிஃப்யூஷன் படம் சீக்கிரம் கெட்டுப்போகும் சுபாவமுள்ளது. குடலில் வாயு இருந்தால் கோணலாகிவிடும். இடுப்பு மூட்டு மாற்றி உலோகம் வைத்தவர்களுக்கும் அப்படித்தான். அந்தச் சமயங்களில் டை படம் கைகொடுக்கும். ஏற்கெனவே ஆபரேஷனோ ரேடியேஷனோ ஆகி, மறுபடி வந்திருக்கிறதா என்று தேடும்போதும் டை தேவைப்படலாம். "நான் படித்தேன், டை வேண்டாம்" என்று அங்கே போய்ச் சண்டை போடாதீர்கள். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குப் பழைய வகை கடோலினியத்தால் தோல் இறுகும் கொடிய வியாதி வந்தது 2006 வாக்கில் தெரியவந்தது. இப்போதைய வகைகளில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. இருந்தாலும் கிரியாட்டினின் எண்ணை மறைக்காமல் சொல்லுங்கள்.

டெஸ்லா விஷயத்தில் நான் ஏமாறவிருந்தேன். மூன்று, ஒன்றரையைவிடப் பெரிய எண்தான், படமும் கூர்மையாக இருக்கும். ஆனால் நான் சொன்ன புரோமிஸ் ஆய்வு முழுக்க ஒன்றரை டெஸ்லாவில் நடந்தது. நன்றாகப் பராமரித்த ஒன்றரை, அலட்சியமாக ஓட்டும் மூன்றைவிட மேல். நம் பெங்களூருவின் வாக்ஸெல்கிரிட்ஸ் என்ற நிறுவனம் ஒன்றரை டெஸ்லா எம்.ஆர்.ஐ. மெஷினை உள்நாட்டிலேயே தயாரித்து, 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் அதை அறிமுகப்படுத்தினார். இந்தியாவில் 1986-ல் டெல்லியில் முதல் எம்.ஆர்.ஐ. வந்தது முதல் இறக்குமதியையே நம்பியிருந்த நமக்கு இது சந்தோஷமான சேதி. சின்ன ஊர்களில் ஸ்கேன் வசதி பெருக இதுதான் வழி.

மெஷினைவிட முக்கியம், படத்தைப் பார்க்கும் கண். ரிப்போர்ட்டில் பி-ராட்ஸ் என்று ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடுவார்கள். ஒன்று, இரண்டு என்றால் சந்தேகம் குறைவு. நாலு, ஐந்து என்றால் பயாப்ஸி செய்யச் சொல்வார்கள். மூன்றுதான் திரிசங்கு சொர்க்கம். எனக்கு வந்தது மூன்று.

அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் படங்கள் அடங்கிய சி.டி.யை எடுத்துக்கொண்டு, தினமும் புராஸ்டேட் படங்களையே பார்க்கும் இன்னொரு ரேடியாலஜிஸ்டிடம் போனேன். அவர் பழைய ரிப்போர்ட்டைப் பார்க்காமலே படத்தைப் பார்த்து, "இது பழைய அழற்சி மாதிரி இருக்கு, நான் ரெண்டுதான் போடுவேன்" என்றார். முதலில் பார்த்தவர் தப்பு செய்தார் என்று சொல்ல வரவில்லை. மூன்றாம் மார்க்கில் இருவர் வேறுபடுவது சகஜம் என்று புஸ்தகங்களே சொல்கின்றன.

என் யூராலஜிஸ்ட் இன்னொரு கணக்கும் போட்டார். நீங்களும் வீட்டில் போடலாம். ரிப்போர்ட்டில் சுரப்பியின் நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் இருக்கும். மூன்றையும் பெருக்கி, 0.52-ஆல் பெருக்கினால் கொள்ளளவு. எனக்கு 5.2, 4.8, 4.6, ஆக ஏறக்குறைய 60 கன சென்டிமீட்டர். வாலிபத்தில் இருபது, இருபத்தைந்து இருக்க வேண்டியது. பி.எஸ்.ஏ.வை அதனால் வகுத்தால் 6.8-ஐ 60-ஆல் வகுக்க, 0.11. பொதுவாக 0.15-க்கு மேல் போனால் கவலை. பெரிய சுரப்பி, அதற்கேற்ற பி.எஸ்.ஏ. என்று அர்த்தம். "இப்போ ஊசி வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒருதரம் பி.எஸ்.ஏ. பார்க்கலாம்" என்றார்.

சில அனுபவக் குறிப்புகள். சுரப்பி சுருங்குவதற்காக ஃபினாஸ்டெரைட், டுடாஸ்டெரைட் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு சில மாசங்களில் பி.எஸ்.ஏ. பாதியாகக் குறையும். மூன்று என்று வந்தால் ஆறு என்று எண்ணிக்கொள்ள வேண்டும், டாக்டரிடம் மாத்திரையைச் சொல்லியாக வேண்டும். பயாப்ஸிக்கு முன்னால்தான் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், குத்திய பிறகு எடுத்தால் ரத்தக் கசிவு பல வாரங்களுக்குப் படத்தைக் குழப்பும். பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். காது மெஷின், மோதிரம், வெள்ளி அரைஞாண் எல்லாம் கழற்ற வேண்டும். பூணூல் நூல்தான், அதைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். அதில் சாவி கட்டிக்கொள்ளும் வழக்கமுள்ளவர்கள் சாவியை ஆத்திலேயே வைத்துவிட்டுப் போகவும். உள்ளே சத்தம் பிரமாதமாக இருக்கும், காதுக்குப் பஞ்சு தருவார்கள். நான் சந்தியாவந்தன மந்திரங்களை மனசுக்குள் இரண்டு ஆவர்த்தி முடிப்பதற்குள் வெளியே எடுத்துவிட்டார்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் சி.ஜி.எச்.எஸ். சீட்டு வாங்கும்போது டையோடா, டை இல்லாமலா என்று டாக்டர் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் தனித்தனி ரேட், பில் பாஸாகும்போது தகராறு வரும். இதை நான் பழைய ஆடிட் புத்தியில் சொல்கிறேன்.

என் கடைசி பி.எஸ்.ஏ. 6.5. அடுத்தது வரும் மாசம். தன் பிள்ளைகள் இரண்டு பேரும் ஐம்பது தாண்டியதும் பரிசோதனை செய்துகொண்டார்களா என்று போன வாரம் அக்கா போனில் கேட்டாள். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம் என்று நான்தான் முன்பு அவளிடம் சொல்லியிருந்தேன். பெரியவன் செய்துகொண்டுவிட்டான். சின்னவன் துபாயில் இருக்கிறான், "லீவில் வரும்போது பார்க்கலாம் மாமா" என்கிறான். அவனுக்கு இந்த உரையின் நகலை அனுப்பப் போகிறேன்.

காபி தயார் என்று சைகை காட்டுகிறார்கள். கேள்வி உள்ளவர்கள் காபியோடு என்னிடம் வாருங்கள். சபையில் கேட்கக் கூச்சமாக இருந்தால், நான் வாசல் திண்ணைப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.